எண்பத்து மூன்றாம் பக்கத்தில் நான் சிரித்தது

என் செல்விக்கு,

உன்னிடம் ஒரு காரியத்தை மறைத்து வைத்திருக்கிறேன். நீ போன பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கன்று, வீடு நிறைய ஆள் இருக்கும்போது, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இறப்புச் சான்றிதழுக்கு உன் ஆதார் அட்டை வேண்டுமென்று ஆபீசில் கேட்டார்கள். அலமாரியைக் குடைந்தபோது அந்தப் பூதம் நாவல் கையில் வந்தது. கருவூல வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மத்தியானம்தோறும் வாசித்து மூக்கால் சிரிப்பாயே, அதுதான். "இந்த வயசுல பேய்க்கதையா?" என்று நான் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா?

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் பென்சில் கோடு. ஆயிரம் வருஷம் புதையல் காத்த பூதம் பென்ஷன் கேட்டு வருகிறது. உயிரோடு இருப்பதற்குச் சான்று எங்கே என்கிறார் கிளார்க். பூதம் கோபத்தில் ஒரு மூச்சு விட, மேஜை நாற்காலியெல்லாம் பறக்கிறது. கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மூச்சு இருப்பது சரி, அதில் அதிகாரி கையெழுத்து இல்லையே என்கிறார். அந்தக் கிளார்க் பேச்சுக்கு நேராக ஓரத்தில் நீ எழுதியிருந்தாய்: "இது நான்தான்!"

முந்தின நாள்தான் நீ இல்லை என்பதற்குக் கையெழுத்து வாங்க ஆபீசில் மூன்று கவுண்ட்டர் ஏறி இறங்கியிருந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பொண்டாட்டி போயி பதினாறு நாளு முழுசா ஆகல்ல, மனுசன் சிரிக்கத பாரு!" என்றாள் உன் அக்கா. நம் மகள் சுதா பாயசப் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். சாயங்காலமே மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். அலமாரிக் கதவுக்குள் முகத்தை வைத்து நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் ஆகிறது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் என்ன தூரம்? "சாப்ட்டியளா? மாத்திரை போட்டியளா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறாள். நீ போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துவிட்டாளோ? உன்னோடு சேர்த்து அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இதற்கிடையில் நாவலை வாசித்தேன். நடுவில் நாற்பது பக்கம் சரியான இழுவை. தான் குடியிருந்த பனையை வெட்டியதற்காகக் கலெக்டரிடம் மனு கொடுக்கும் யட்சி அருமை. எந்தத் தலை முதலில் சாப்பிடுவது என்று சண்டை போடும் ஏழுதலைப் பாம்பு, உன் தம்பிமார் மாதிரியே இருக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நீ வாசித்து நிறுத்திய அடையாளமாக பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தாய். நானும் அதோடு நிறுத்திவிட்டேன். உன்னைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

போன திங்கட்கிழமை சுதா கொறிக்கிற ஏத்தங்காய் வத்தலோடு புத்தகத்தையும் அன்றைக்கு இதை வாசித்துத்தான் சிரித்தேன் என்று சொல்லச் சொல்லி மருமகனிடம் கொடுத்தனுப்பினேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். அவளுக்குச் சிரிப்பு வராவிட்டால்? அந்தப் பக்கத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். பத்தாவது தடவை எனக்கே சிரிப்பு வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"அப்பா, அன்னைக்கு எந்தப் பக்கம்?"

"எம்பத்தி மூணு, மக்கா."

தாள் புரளும் சத்தம். அப்புறம் மூக்கால் ஒரு சத்தம் வந்தது செல்வி, அப்படியே உன்னுடையது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அம்மா டிக்கெட் வச்ச எடத்துக்கு அப்புறம் வாசிச்சியளா?"

"இல்ல மக்கா."

"நானும் வாசிக்கல்ல. ஞாயித்துக்கிழமை புக்கை எடுத்துட்டு வாறேன்."

உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கிறோம். சிரிப்பு வந்தால் யார் இருந்தாலும் அடக்கமாட்டேன். இது சத்தியம்.

இப்போதும் உன் வீட்டுக்காரன்,
தங்கப்பன்