நைனா, உன் பிள்ளையின் பெயரை நான் தேடிய நாள்

என் நைனாவுக்கு,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும். அம்மா உன் பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும்.

முதலில் நல்ல செய்தி. அண்ணன் உயிரோடு இருக்கிறான். தேசிங்கு இருக்கிறான், நைனா. அந்தமானில், போர்ட் பிளேரில், படகுத்துறைக்குப் பக்கத்தில் மீன் சாப்பாடு போடும் சின்ன மெஸ் வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு அம்மாவின் பெயர்.

இதைக் கேட்க நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகு சொல்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நம் தீவான பசியாவரத்தில் எல்லோரும் மதிக்கும் ஆள் நீ. பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வோமே, அந்தப் 'பாடு' முறையில் தகராறு வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் இன்னொருவரின் பாட்டில் போய் வலை போட்டு, கூடை கூடையாக இறாலோடு கரைக்கு வந்தான். பஞ்சாயத்து கூடியது. நீ யாரையும் பேச விடவில்லை. படகு தள்ளுகிற கோலை எடுத்து, ஊர் பார்க்க அவனை அடித்தாய். அவன் வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, பழவேற்காடு போகிற படகில் ஏறி உட்கார்ந்தான். சாயங்காலம் திரும்பி வருவான் என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு உனக்கு மீன் பிடிப்பது பாதி வேலை, அவனைத் தேடுவது பாதி வேலை. காசிமேட்டில் போய் ஒவ்வொரு விசைப்படகாக ஏறி விசாரித்தாய். தடா, சூலூர்ப்பேட்டை, நெல்லூர் என்று உனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கோடு அலைந்தாய். ஊர் டி.வி.யில் காணாமல் போனவர்களைக் காட்டும்போது முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். பழவேற்காடு பஸ் நிலையத்தில் காதர் பாய் டீக்கடைதான் உன் இடம். இறங்குகிறவர்களிடம், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், அங்கே எங்கள் பக்கத்துப் பையன் யாராவது இருக்கிறானா என்று கேட்பாய். பாயும் தன் சொந்தக்காரர்கள் கப்பலேறிப் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார். சிலர் நின்று பதில் சொல்வார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது, நைனா. நான் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் உன் கண் எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்றுதான் பார்க்கும். அம்மா போனபோது கூட இருந்தவள் நான். காட்டூரில் வாழ்க்கைப்பட்ட பிறகும் வாரம் தவறாமல் வந்தவள் நான். உன் கண்ணில் நின்றது போனவன்தான். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

பொன்னேரியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு நீ ஒரு தரம் வந்தாயே, நினைவிருக்கிறதா? உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வரச் சொல்லியிருந்தேன். என் மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. நான் திருப்பாலைவனம் கோயில் திருவிழா எப்போது என்று அதில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து பார்த்தாய்.

"இது இன்னா பண்ணும்?"

"எது கேட்டாலும் தேடிக் குடுக்கும் நைனா."

நீ திரையை விரலால் தொட்டுப் பார்த்தாய். அப்புறம் கேட்டாய்: "ஆளக்கூடவா?"

"ஆளெல்லாம் தேடாது. பெரிய பெரிய ஆளுங்களத்தான் அதுக்குத் தெரியும்."

நீ தலையை ஆட்டினாய். அதற்கு மேல் கேட்கவில்லை. முன்பின் தெரியாத கண்டக்டரிடமும் லாரி டிரைவரிடமும் கூச்சப்படாமல் கேட்டவன், மகளிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நான் சொன்னது பொய்யா என்று பிறகு பலமுறை யோசித்தேன். முழுப் பொய் இல்லை. யாராவது எழுதி வைத்ததைத்தான் அது காட்டும். நம் ஊரைப் பற்றி அன்றைக்கு அதில் இருந்ததெல்லாம் ஏரிக்கு வருகிற பறவைகள்தான். பூநாரையைப் பற்றி எத்தனையோ பக்கம் உண்டு, படகில் போகிற மனிதனைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் முயன்று பார்க்காமலே சொன்னேனே, அது பொய்தான். முழங்கால் வலிக்கு என்ன தைலம் என்று அதனிடம் கேட்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி வாங்கிய சேலை என்ன விலை என்று கேட்டிருக்கிறேன். என் அண்ணன் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. செத்துப்போனான் என்று காட்டிவிடுமோ என்ற பயம் கொஞ்சம். அவன் வந்துவிட்டால் உன் வீட்டில் எனக்கு இடம் ஏது என்கிற எண்ணம் மீதி.

தை மாதம் நீ போனாய். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினேன். அந்தப் பெயரில் கோட்டை ஆண்ட ராஜாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது. எழுத்தை மாற்றிப் போட்டேன். நீங்கள் தேடுவது வேறோ என்று அது என்னையே திருப்பிக் கேட்டது. ஊர்ப் பெயரைச் சேர்த்தேன். மீன் என்று சேர்த்தேன். மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவித் திரும்புவதற்குள் கிடைத்துவிட்டது.

ஓட்டல்களைப் பற்றிச் சாப்பிட்டவர்களே நல்லது கெட்டது எழுதுகிற தளம் அது. சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்கப் போன ஒருவர் எழுதியிருந்தார். மடவை மீன் குழம்பு அருமை, ஆனால் முதலாளி தேசிங்கு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எந்த ஊர், மெட்ராஸா, பழவேற்காடு பக்கம் போவீர்களா, அங்கே யாரையாவது தெரியுமா என்று பேசிக்கொண்டே இருக்கிறார், நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை என்று. அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். கூடவே ஒரு படம். லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு காலை பெஞ்சில் வைத்து, நீ நிற்கிற மாதிரியே நிற்கிறான்.

எழுதிய தேதியும் கீழே இருந்தது, நைனா. அந்த நாளில் நீ உயிரோடு என் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாய்.

அந்தத் தளத்திலேயே போன் நம்பர் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டேன். என் தமிழைக் கேட்டதும் அவன்தான் முதலில் விசாரித்தான், மெட்ராஸா, பழவேற்காடு பக்கமா என்று. பசியாவரம் என்றேன். பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது.

"யாரு வூட்டுப் பொண்ணும்மா?"

"ஏழுமல பொண்ணு. குமாரி."

பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. 

"நைனா கீறாரா?"

"இல்லண்ணா. தை மாசம் போய்ட்டாரு."

அவன் அழுததை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இவ்வளவு வருஷம் ஏன் ஒரு வரி போடவில்லை என்று கேட்டேன். அடிக்குப் பயந்து இல்லையாம். தன்னால் ஊர் உன்னைத் தள்ளி வைத்திருக்கும், தன் பெயர் மறுபடி காதில் விழுந்தால் நீ தலை குனிவாய் என்று நினைத்தானாம். வருகிறவர் போகிறவரிடம் நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று இருந்திருக்கிறான்.

அடுத்த மாதமே வந்தான். முகத்துவாரத்தில் இறங்கி உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். அன்றைக்கு யாருடைய பாட்டில் வலை போட்டானோ, அந்தப் பெரியவரே அவன் கையைப் பிடித்துக் கரையேற்றினார். ஊர் ஒன்றும் பேசவில்லை.

எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டரிடம் கேள் என்கிறார்கள் இப்போது. என் பிள்ளைகள் ஏரியை வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம் தீவைக் காட்டினார்கள். பச்சைத் தண்ணீருக்கு நடுவில் நம் கூரைகள் தெரிகின்றன. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ தேடியபோது நீ தேடுகிறாய் என்று பத்து ஊருக்குத் தெரிந்தது. நான் தேடாமல் இருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. இயந்திரத்தை நான் திட்டினால் அது நியாயமா? கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

அந்தமானுக்குத் திரும்பும் அன்று, என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டான், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று. கம்ப்யூட்டரில் என்றேன்.

"அது உங்க பக்கம் எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்ணா."

"கொஞ்சம் முன்னாடி வந்துருந்தா நைனாவப் பாத்துருப்பேன்" என்றான். சொல்லிவிட்டுத் தலைகுனிந்து சாப்பிட்டான். நான் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

தையில் உன் திவசத்துக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறான். படையல் வைக்கும் முன்னால், அவனை உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன், நைனா. முன்னாலேயே வந்துவிட்டது அண்ணா, நைனா என்னிடம் கேட்டார், நான்தான் தேடவில்லை என்று. அதற்குப் பிறகு அவன் என் வீட்டில் கை நனைப்பானா தெரியாது. நனைக்காவிட்டாலும் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

இரண்டாம் முறையும் நீ கேட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கும் உன் மகள், தேசிங்கின் தங்கச்சி,
குமாரி