பாஸ்வேர்ட் கேட்ட பெட்டி

10 ஆகஸ்ட் 2004, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. மர்பி டவுனில் டியூஷன் நடத்தும் ஸ்டெல்லா டீச்சருக்கு எங்கள் கம்பெனி வெப்சைட் செய்து கொடுத்தது. நான்கு நாளாக அதைத் திறந்தாலே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி குதிக்கிறது. டீச்சர் போன் செய்தபோதெல்லாம், "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் மேடம்" என்று முதலாளி சுரேஷ் சமாளித்தார்.

இன்று நானே அந்த வெப்சைட்டின் நிரலை வரி வரியாகத் தேடினேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் சின்னப் படம் ஒன்று வேறு யாருடைய தளத்திலிருந்தோ வருகிறது. பெட்டியும் அங்கிருந்துதான். இலவசம் என்று அதை ஒட்டியவர் சுரேஷ்.

"எடுத்துடு. டீச்சர்கிட்ட மூச்சு விடாதே" என்றார்.

எடுத்தேன். பெட்டி நின்றது. அவர் எதிரிலேயே டீச்சருக்குப் போன் போட்டேன்.

"தப்பு எங்களுது டீச்சர். அந்தப் பெட்டி வேற யாரோடதோ. அதுல பாஸ்வேர்ட் போட்டவங்க எல்லாரையும் அதை உடனே மாத்தச் சொல்லுங்க."

டீச்சர் சொன்னார்: "வைரஸ்னு சார் சொன்னாரேன்னு நேத்து கம்ப்யூட்டரையே ஃபார்மட் பண்ணிட்டேன்மா. ஆறு வருஷமா சேர்த்த கேள்வித்தாள் எல்லாம் போயிடுச்சு."

ரிசீவரைச் சுரேஷிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ரிசீவருக்குள் டீச்சர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். நான் எதற்குக் கேட்க வேண்டும்?