அக்கா சீவிய மரம்

14.1.1961, சனி

பொங்கல் வைக்க அக்கா ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனில், காஜா பேராங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். எண்ணெய்க்காகச் செம்பனை நடுவதற்காகத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். விறகெல்லாம் லாரியில் டவுனுக்கு வந்துவிடுகிறது. தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்கள் ஒரு சுள்ளி எடுத்தாலும் வேலை போய்விடுமாம். நல்ல சட்டம்!

நான் கடையில் வாங்கிய விறகை அடுப்பில் வைக்கப்போன அக்காவின் கை நின்றது. பட்டையில் பால் சீவிய தழும்பு.

"நான் சீவுன மரமாக்கூட இருக்கும்டா தம்பி. ஒனக்கு விக்கிறானுங்க, எனக்குக் குடுக்க மாட்டானுங்க."

"செம்பனை வந்தா விறகுக்கு என்னக்கா செய்வீங்க?"

"அதுல ஏது விறகு? மட்டைதான்."

பால் பொங்கியது. பிள்ளைகள் மட்டும் கூவினார்கள்.

கிளம்பும்போது மிஞ்சிய கட்டைகளைக் கட்டிக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை.

"வேணாம்டா. தோட்டத்து கேட்டுல காவல் நிக்கிற ஜாகாக்காரன் பாத்தா, திருடுனதும்பான்."