கப்பத்துக்கு ஆங்கிலத்தில் என்ன

திங்கள்
சோளகக் காற்று விடவில்லை. மேசை முழுக்க மணல். இரண்டு பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்த்து முடிய, அரிப்புக் கிராமத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். தையல்காரி. கதிரையின் நுனியிலேயே இருந்தாள். ஊர்ச் சம்மாட்டி, படகு முதலாளி ஒருவன், டைனமைற் போட்டு மீன் பிடித்ததைக் கண்டவள், வழக்கில் சாட்சி. வாய் திறந்தால் படமொன்றை ஃபேஸ்புக்கில் போடுவானாம். முகம் இவளுடையது, உடம்பு யாருடையதோ. பொலிசில் கொடுத்த முறைப்பாடு கொழும்புச் சட்டத்தரணிக்கு ஆங்கிலத்தில் வேண்டும். கணவன் அன்ரனுக்கு இன்னும் தெரியாது.

"பொலிசில கப்பம் எண்டு எழுதினவை. அவன் காசு கேக்கேல்லையே அக்கா?"

நியாயமான கேள்வி. பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

செவ்வாய்
காலையில் கரண்ட் இல்லை. அகராதி.
எக்ஸ்டோர்ஷன்: லத்தீனில் முறுக்கிப் பிடுங்குவது. சித்திரவதைக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேர்.
பிளாக்மெயில்: கடிதம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இல்லை. 'மெயில்' பழைய ஸ்கொட்லாந்துச் சொல், வாடகை, வரி. கொள்ளையடிக்காமல் விட, எல்லைப்புறத் தலைவர்கள் உழவர்களிடம் வாங்கியது. நம் கப்பமேதான். அதுவும் ஒரு காலத்தில் அரசனுக்குக் கட்டியது, இப்போது பேப்பரில் குற்றம்.
இப்போது காசு கேட்காமல், படத்தைக் காட்டி வாயை மூடச் சொல்வதும் இதில் அடங்கும். பிளாக்மெயில் என்றே எழுதினேன்.
பால்மா வாங்க மறதி.

புதன்
ரான்சமும் ரிடெம்ப்ஷனும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து. பணயத்தொகை, மீட்பு. தேவாலயத்துக் காலைப் பூசையில் மீட்பர் என்று வந்த இடத்தில் கவனம் சிதறியது.
மாலை ஜெசிந்தா பிரதி வாங்க வந்தாள். உழவர் கதையைச் சொன்னேன். காதில் விழவில்லை என்று நினைத்தேன். வாசலில் திரும்பி நின்றாள்.

"குடுத்தாப் பிறகு விட்டவங்களோ?"

இல்லை, திரும்பத் திரும்ப வந்தவங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வெள்ளி
காற்றுத் தணிவு. எனக்குத் தடிமன், மூக்கடைப்பு.
ஜெசிந்தா போன் எடுத்துச் சொன்னாள். அன்ரன் கடலால் வந்து முகம் கழுவியதும் சம்மாட்டி அனுப்பிய படத்தைத் தானே காட்டினாளாம். கனநேரம் பார்த்தானாம்.

"இது நீயில்லை. ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அதற்குத்தான் கோபம். சாப்பிடவில்லையாம். இன்று இருவருமாகப் பொலிசுக்குப் போய் அன்ரனின் வாக்குமூலமும் கொடுத்திருக்கிறார்கள்.

திங்கள்
நீதிமன்றம், டைனமைற் வழக்கு. எனக்கு அங்கே வேலையில்லை, போனேன். படம் விடியவே வந்துவிட்டது. அரிப்பில் எல்லோர் போனிலும். அன்ரன் சுவரோரம் நின்றான், கை கட்டியபடி. ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் ஜெசிந்தாவைக் கண்டு குனிந்துகொண்டார்கள். சாட்சிக்கூண்டில் பெயர் கேட்டார்கள். முழுப்பெயரும் சொன்னாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னாள். படகின் நிறம், அதில் நின்றவன், வெடிச்சத்தம், வெள்ளையாக மிதந்த மீன்.