நாலாவது ஆணி

பிப்ரவரி 9

மாடி அறைக்கு வந்துவிட்டேன். பாய், தலையணை, கண்ணாடி, ரேடியோ, ஒரு துண்டு. துண்டுதான் காரணம்.

காலையில் பேத்தியைக் குளிப்பாட்டி என் மடியில் விட்டார்கள். முகம் ஈரமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். மகனையும் அப்படித்தானே துடைத்து வளர்த்தேன்? மத்தியானம் மருமகள் குளியலறைக்குக் கூப்பிட்டாள். கதவோரம் ஓர் ஆணி, அதில் புதுத் துண்டு.

"மாமா, இது உங்க துண்டு. இந்த ஆணி உங்களோடது. பாப்பாவுக்குக் கண்ணுல பீளை கட்டுது, அதான்..."

அதான்! நோயாளிக்குத் தட்டு ஒதுக்குகிற மாதிரி. மகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்: "அவ தப்பா ஒண்ணும் சொல்லலப்பா."

"நான் தப்புன்னேனாடா? இந்த அழுக்கு மாடியிலயே இருந்துட்டுப் போகட்டும்."

புதுத் துண்டைத் தொடவில்லை.

பிப்ரவரி 10

கீழே குழந்தை வெகுநேரம் அழுதது. நான் இறங்கவில்லை.

பிப்ரவரி 13

மகன் சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டுப் போகிறான். பேச்சு: "போதுமாப்பா?" "போதும்."

லாரிப் பட்டறையில் எத்தனை பேர் இருந்தோம்! மண்ணெண்ணெயில் கை கழுவி, மரத்தூளில் தேய்த்து, பிறகு எல்லோருக்கும் ஒரே துண்டு. முதலாளி, மெக்கானிக், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் அதுதான். அதில் முகம் துடைக்காதவனை எங்கள் ஆளாகவே சேர்க்க மாட்டோம். எவன் செத்தான்?

பிப்ரவரி 16

நூலகத்தில் குளியலின் வரலாறு பற்றி ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. நூலகர் சிரித்தார். "என்ன பெரியவரே, குளிக்கிறதுக்குக் கூடவா புத்தகம்?"

"குளிக்கிறதுக்கு இல்ல. சண்டை போடறதுக்கு."

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. மற்றதெல்லாம் உதிரிப்பாகம் சுற்றிவந்த தாளைப் படித்துச் சேர்த்ததுதான். எனக்கா படிக்கத் தெரியாது?

பிப்ரவரி 18

கிடைத்துவிட்டது! ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரிய பெரிய பிரபுக்களே தண்ணீருக்குப் பயந்திருக்கிறார்கள். வெந்நீரில் குளித்தால் தோல் திறந்து நோய் உள்ளே போய்விடுமாம். சட்டையை மாற்றினால் சுத்தம், அவ்வளவுதான். அவர்களுக்கும் பிள்ளை பிறந்தது, பேத்தி பிறந்தது. இந்தப் பக்கத்தை மருமகளிடம் படித்துக் காட்ட வேண்டும்.

யார் போய்ப் படிப்பது? நானா?

பிப்ரவரி 21

மிச்சத்தைப் படித்திருக்கக் கூடாது.

பிரசவம் பார்க்குமுன் கை கழுவுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னாராம். மற்ற மருத்துவர்கள் பலருக்குக் கோபம். எங்கள் கையா அழுக்கு? கழுவ மறுத்தார்களாம். தாய்மார்கள் செத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மடையன்கள். சொன்னதைக் கேட்டால் கிரீடமா இறங்கிவிடும்?

அடுத்த பக்கத்தில் பொதுத் துண்டு. பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் எல்லோரும் துடைக்கிற ஒரே துண்டால் கண்நோய் பரவியதாம். சட்டம் போட்டே எடுத்திருக்கிறார்கள் சில நாடுகளில்.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 22

பட்டறையில் அடிக்கடி எல்லோருக்கும் ஒன்றாகக் கண் சிவக்கும். வெல்டிங் வெளிச்சம் என்போம். வெல்டரைத் திட்டித் தீர்ப்போம். அவனும் வாங்கிக்கொள்வான் பாவம்.

ஆனால் கணக்குப்பிள்ளைக்கும் வந்ததே? அந்த மனுஷன் வெல்டிங் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. துண்டுக்கு மட்டும்தான் வருவார்.

தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 25

நூலகர்: "சண்டை என்னாச்சு?" புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்று என்னிடம் பேச்சுக் கொடுத்த ஒரே ஆள் அவர்.

மார்ச் 1

கேரியரை வைத்த மகன் போகாமல் நின்றான்.

"பாப்பாவுக்குப் பல் ரெண்டு வந்திருக்குப்பா. கையில கிடைச்சதையெல்லாம் கடிக்கிறா."

"எனக்கென்ன அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

போய்விட்டான். கூப்பிட்டிருக்கலாம்.

மார்ச் 2

என் பழைய துண்டை வெந்நீரில் போட்டு அலசினேன். தண்ணீர் டீ மாதிரி வந்தது. இரண்டாம் தடவையும்.

மார்ச் 3

காலையில் இறங்கினேன். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். கை கழுவ நேராகக் குளியலறைக்குப் போனேன்.

சுவரில் நாலு ஆணிகள். மகனுடைய துண்டு, மருமகளுடையது, கைக்குட்டை அளவில் பேத்தியுடையது. கடைசியில் கதவோரம் என் புதுத் துண்டு, மடிப்புக் கலையாமல். எல்லோருக்கும் தனித்தனி. அந்த மூன்றும் அன்றைக்கே இருந்தனவா? நான் என் ஆணியை மட்டும்தான் பார்த்தேன். கேட்கவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவி, அந்தத் துண்டிலேயே துடைத்தேன். மருமகள் பின்னால் நின்றிருந்தாள். குழந்தையை நீட்டினாள். வாங்கியதும் என் விரலைப் பிடித்துக் கடித்தது. நல்ல கடி.

என் ஆணி ஆடுகிறது. யார் அடித்தார்களோ, சுவரில் பாதிதான் இறங்கியிருக்கிறது. நாளைக்குச் சுத்தியலோடு போக வேண்டும்.