பொம்மை என்று எழுதச் சொன்னேன்

மார்ச் 3

அக்காவின் காது மிஷினுக்கு ஆர்டர் போட்டாயிற்று. இங்கே கடையில் சொன்ன விலையில் பாதிதான், கடல் தாண்டி வர வேண்டும், அவ்வளவே. பழையது தண்ணீரில் விழுந்ததிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். அவளோ மழலையர் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் என்ன, எதிரே வந்து நின்றா பேசும்? வரி எவ்வளவு வந்தாலும் கட்டிவிடலாம் என்றாள். விற்பவன் பெட்டிமேல் என்ன எழுதட்டும் என்று கேட்டிருந்தான். ‘பொம்மை, அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லிவிட்டேன், வரியே விழாது. மூளை இருப்பது பின்னே எதற்கு?

மார்ச் 12

வரவில்லை.

மார்ச் 16

கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருப்பது வேறு, மேலே எழுதியிருப்பது வேறு, விலைக்கு ஆதாரத்தோடு நேரில் வரவும் என்று போனில் செய்தி. அக்காவிடம் தாமதமாகிறது என்று மட்டும் சொன்னேன். அந்த அதிகாரிகளுக்குக் காது கேட்காமல் போனால்தான் தெரியும் என்று திட்டித் தீர்த்தாள். நானும் கூடவே தலையாட்டினேன். வெட்கமில்லாத தலை.

மார்ச் 18

அக்கா போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தையின் விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம். அழுதிருக்கிறது. இவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் ஓடி வந்திருக்கிறார். நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. மிஷின் வரும்வரை ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை தன்மையாகச் சொன்னாராம். வகுப்புக்கு நாளை வேறொருத்தி வருகிறாள்.

இதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பொம்மைன்னு எழுதச் சொன்னதை நான் அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? வாய் வரைக்கும் வந்துச்சு — முழுங்கிட்டேன். நீயெல்லாம் ஒரு தம்பி.

மார்ச் 20

சுங்க அலுவலகம். கவுண்டரில் இருந்த அம்மா, யார் பொம்மை என்று எழுதச் சொன்னது என்று கேட்டார். விற்றவன்தான் என்றேன், வாய் கூசாமல். விலைக்கு ஆதாரம் கேட்டார். போனை நீட்டினேன். விலைக்குக் கீழேயே விற்பவனுக்கு நான் எழுதியதும் இருந்தது. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

“காது மிஷின்னு உள்ளதை எழுதியிருந்தா இதுக்கு வரியே கிடையாதுங்க. எப்பவோ வீட்டுக்கு வந்திருக்கும்.”

அபராதம் கட்டினேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனாவது எலியைப் பார்த்திருப்பான். இங்கே எலியே இல்லை.

மார்ச் 21

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் திரும்பவில்லை. சொன்னதாகக் கணக்கா இது? கோழை.

மார்ச் 27

மிஷின் வந்துவிட்டது. போட்டதும், குழாய் சொட்டுகிறது பார் என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே பள்ளிக்கு ஓடினாள். மத்தியானமே திரும்பிவிட்டாள். பிள்ளைகள் புது டீச்சரிடம் ஒட்டிக்கொண்டார்களாம், பெற்றோரும் அவளே இருக்கட்டும் என்கிறார்களாம். இவளுக்கு ஸ்டோர் ரூம்தான்.

பிறகு என்னை எதிரே உட்காரச் சொன்னாள்.

“அன்னைக்கு நான் பாத்திரம் தேய்க்கும்போது பின்னாடி நின்னு என்னமோ பேசினியே. ஜன்னல் கண்ணாடில உன் வாய் அசையறது தெரிஞ்சுது. இப்ப சொல்லுடா.”

சொன்னேன். பொம்மை, அன்பளிப்பு, இல்லாத வரி, எல்லாம். கடைசிவரை கேட்டாள். பிறகு மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.