குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட தம்பி பாண்டிக்கு,

கம்பத்தில் ஆடிக் காற்று அடிக்கிறது. நம் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்கடியில், வலி தாங்காமல் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடப்பாயே, அந்த இடத்தை இன்னும் சுற்றித்தான் போகிறேன். நேற்று அங்கே முனகல் கேட்டது. குனிந்து பார்த்தேன். யாருமில்லை. அன்றைக்கே குனிந்து பார்த்திருக்கக் கூடாதா நான்?

உனக்கு ஒரு செய்தி. நீ கடைசியாகப் படுத்திருந்த மதுரை ஆஸ்பத்திரியில், கணைய நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார்கள். வைத்தியத்தில் எதை மாற்றலாம் என்று கேட்கிறார்கள். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது. நான் போகிறேன்.

முதல் நாளே சண்டை. நோயாளியை நிரப்பச் சொல்லும் தாளில் முதல் கேள்வியே, எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்பதுதான். "இத எடுங்க. மொதல்ல வலி எங்கன இருக்குன்னு கேளுங்க" என்றேன். ஆண்டிபட்டிக்கார அம்மா ஒருவர் எழுந்தார். "எம் மக காலேசுல படிக்கிறவ. அவகிட்டயும் அதத்தான் கேட்டாக. 'ஆமா டாக்டர், பொறந்ததுலருந்து'ன்னுட்டா!" எல்லோரும் சிரித்தோம். எனக்கு உன் குரல் கேட்டது.

குலசாமி கோயிலில் நீயும் இப்படித்தானே பேசினாய்? குடியை விடுவதற்குக் கயிறு கட்ட உன்னை இழுத்துப் போனவன் நான். "ஒரு வருசத்துக்கா, ஆயுசுக்கா?" என்றார் பூசாரி. "ஆயுசுக்கே கட்டுங்க சாமி. தொட்டதே இல்ல, எனக்கென்ன நட்டம்?" என்றாய். மறுவாரமே திரும்பவும் வலி வந்தது. சாமிக் கயிற்றையும் மீறிக் குடித்துவிட்டான் என்று வீடே பேசியது. நான் உன் வாயை முகர்ந்தேன். கஞ்சி வாடைதான். அப்போதும் நம்பவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்து, கணையத்தில் கல், குடிக்காதவர்களுக்கும் வரும் என்றார்கள். "இப்பவாச்சும் நம்புறியாண்ணே?" என்றாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்றேன். ஊரிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கயிறு கட்டவைத்த நான் என்ன ஆவது?

யாரையும் நான் மன்னிக்கவில்லை, பாண்டி. வலி என்று முதன்முதலில் போனபோது, உன் முகத்தைப் பார்க்காமலே குடிகாரன் என்று எழுதிய டாக்டரை. உனக்குப் பேசிய பெண்ணை வேறிடத்தில் கொடுத்த மாமாவை. உன் பதினாறாம் நாள் படையலில், உனக்குப் பிடித்ததாம் என்று குவார்ட்டர் பாட்டில் வைத்த சித்தப்பாவை. அவருக்கு உண்மை தெரியாது. தெரிந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். பாட்டிலை எடுக்கவில்லை.

கூட்டத்தில் என்னைத் தம்பிக்காகப் போராடுகிற அண்ணன் என்கிறார்கள். குடிப்பியா என்று அந்த முதல் டாக்டர் கேட்டபோது நீ இல்லை என்றாய், அவர் என் பக்கம் திரும்பினார், "சேர்க்கை சரியில்ல சார்" என்று நான் சொன்னேன், அதற்குப் பிறகுதான் அவர் எழுதினார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

தாளில் அந்தக் குடிக் கேள்வியை இப்போது கீழே இறக்கிவிட்டார்கள். அடுத்த மாதம், கூட வருகிறவர்களை எப்படி நடத்துவது என்று பேசப்போகிறோம். நோயாளியைத் தனியாக விசாரியுங்கள், அண்ணன் என்று ஒருவன் வந்தால் வெளியே நிறுத்துங்கள் என்பேன். ஏன் என்று கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். உன் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

உனக்குப் பதிலாக வாய் திறந்த
உன் அண்ணன்